மார்லிஸின் நீலத்துணி

காலை ஏழு பத்துக்கு எங்கள் ஊர் நூலகர் மார்லிஸ் எங்ஸ்ட்ராம், திரும்பி வந்த புத்தகங்களை ஒவ்வொன்றாகத் தலைகீழாகப் பிடித்து உதறுகிறார். ஒன்றும் விழாவிட்டால் முகம் வாடிவிடும். விழுந்துவிட்டாலோ, "வாடா என் ராசா!" என்று அதை இரண்டு விரலால் எடுத்து, மேசைமேல் விரித்த நீலத்துணியின் நடுவில் வைத்துப் படம் பிடிப்பார். அடுத்த நிமிடம் அது நூலகத்தின் முகநூல் பக்கத்தில் இருக்கும்.

இதுவரை விழுந்தவை கொஞ்சமா? மீன்பிடி உரிமச் சீட்டு, பாதியில் கிழிந்த உருளைக்கிழங்கு ரொட்டிச் செய்முறை, பிளாஸ்திரியில் ஒட்டிய பால்பல், ஒற்றைக் காலுறை. காலுறைக்கு அவர் எழுதிய வரி: "இதன் ஜோடி வீட்டில் அழுதுகொண்டிருக்கிறது. சீக்கிரம் வரவும்." எங்கள் லார்க் வேலி ஊரில் நானூறு பேர்தான். பக்கத்தைப் பார்ப்பவர்களோ ஆயிரத்துக்கு மேல். பண்ணையை விட்டு நகரத்துக்குப் போன பிள்ளைகளும் சேர்த்தி.

நூலகக் குழுவில் நானும் ஒருவன். அவர் இந்தப் பக்கம் தொடங்க அனுமதி கேட்டபோது கை தூக்காத ஒரே ஆள் நான்தான். "புஸ்தகம் குடுக்கிற எடத்துல அரட்டை எதுக்கு?" என்றேன்.

"வெல்டன், நீ கடைசியா புஸ்தகம் எடுத்தது எப்போ?"

நான் கூரையைப் பார்த்தேன்.

"அதான். உன்ன மாதிரி ஆளுங்க உள்ள வர மாட்டேங்கிறீங்க. நான் உங்க சமையக்கட்டுக்கு வர்றேன்."

வந்தே விட்டார் மனுஷி. பனிப்புயலில் பள்ளி மூடினால் பத்து மணிக்கு நேரலையில் கதை வாசிப்பார். ஏரியில் பனி எத்தனை அங்குலம் உறைந்திருக்கிறது என்று அவர் முகநூல் பக்கத்தில் பார்க்காமல், மீன் பிடிக்க நான் அதன்மேல் வண்டியை இறக்குவதில்லை. இப்போது மாதம் இரண்டு புத்தகமும் எடுக்கிறேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

நீலத்துணிக்கு ஒரு காரணம் உண்டு. "பொருளக் காட்டுவேன், புஸ்தகத்தக் காட்ட மாட்டேன். யாரு என்ன படிக்கிறாங்கங்கிறது டாக்டர்கிட்ட சொல்ற சங்கதி மாதிரி" என்பார். நான் என்ன எடுத்தேன் என்று என் மனைவி ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். "அத உன் வீட்டுக்காரர்கிட்டயே கேளு" என்று அனுப்பிவிட்டார்.

போன அக்டோபரில் ஒரு நாள், காப்பி கொட்டித் துணி சலவைக்குப் போயிருந்தது. ஒரு மளிகைச் சீட்டு விழுந்தது. அவசரத்தில் மார்லிஸ் அதை, எந்தப் புத்தகத்திலிருந்து விழுந்ததோ அதன் மேலேயே வைத்துப் படம் பிடித்துப் போட்டுவிட்டார். மறதி நோய் வந்த மனைவியைக் கணவன் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லும் புத்தகம் அது. தலைப்பு பளிச்சென்று தெரிந்தது.

"இது ஆர்வின் கையெழுத்துல்ல? ஏழுக்கு நடுவுல கோடு போட்டிருக்கே!" என்று ஒருத்தி எழுதினாள். ஆர்வின் டோல்ஃப்சன் முப்பது வருடமாகத் தீவனக் கடை வாசல் பலகையில் விலை எழுதுபவர். அந்தக் கோடு போட்ட ஏழு தெரியாதவர் ஊரில் இல்லை. "புஸ்தகத்தப் பாத்தியா? ஐயோ, லவோனுக்கா?" என்றாள் இன்னொருத்தி. தேவாலயத்தில் ஆர்கன் வாசித்த ஆர்வினின் மனைவி லவோன், விரல் வலி என்று நிறுத்தியதாகத்தான் நாங்கள் நம்பியிருந்தோம்.

பதினோரு நிமிடத்தில் மார்லிஸ் படத்தை எடுத்துவிட்டார். பதினோரு நிமிடம் எங்கள் ஊருக்குத் தாராளம்.

நானும் மார்லிஸும் நேரே ஆர்வின் வீட்டுக்குப் போனோம். நான்தான் வண்டி ஓட்டினேன். ஆர்வின் வாசலை மறித்து நின்றார்.

"தப்பு என்னோடது ஆர்வின். முழுக்க என்னோடது."

"ஏம்மா, டாக்டர் சொன்னத அவகிட்டயே நான் இன்னும் முழுசா சொல்லல. அதுக்குள்ள ஊருக்குத் தெரிஞ்சிருச்சு." கதவு மூடிக்கொண்டது.

பக்கத்தில் ஒரு மன்னிப்பு எழுதிப் போடச் சொன்னேன். "படத்தப் பாக்காதவங்களும் யாருகிட்ட மன்னிப்பு கேக்குறேன்னு தேடுவாங்க, வேணாம்" என்றார். சலவைக்குப் போன துணி வந்ததும் மடித்து, இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். ஏழு பத்துப் படம் நின்றுபோனது. ஆர்வின் வருவதும் நின்றுபோனது. அவர் கேட்டிருந்த அடுத்த புத்தகம் பழுப்புத்தாள் சுற்றி, பெயர் எழுதாமல், மேசைக்கடியில் ஆறு வாரம் காத்திருந்தது. "அந்தப் புஸ்தகம் இப்ப அவருக்கு வேணும், வெல்டன். என்னாலதான் வராம இருக்காரு" என்று என்னிடம் சொல்லும்போது குரல் உடைந்தது.

நவம்பர் கடைசியில் ஒரு மாலை நாலரை மணி. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. நூலகத் தொலைபேசி அடித்தது. எதிர்முனைக் குரல் எனக்கும் கேட்டது.

"லவோன காணோம். ஷெரீப் போலீசுக்குச் சொல்லிட்டேன், அவங்க வர அரை மணி ஆகுமாம். உன் பக்கத்துல போடு."

"என்ன போடணும்னு சொல்லுங்க ஆர்வின். நீங்க சொல்றத மட்டும்தான் போடுவேன்."

"பச்சைக் கோட்டு. தொப்பி போடல. பேரச் சொல்லிக் கத்தாதீங்க, பயந்துடுவா. பாட்டுப் பாடுனா வருவா." பிறகு, "மறதி வந்திருக்கு. அதையும் போடு."

"அது போடாமலும் தேடலாம்."

"போடும்மா."

வார்த்தை வார்த்தையாகத் திரும்பப் படித்துக் காட்டி, அவர் "ம்" என்ற பிறகுதான் மார்லிஸ் போட்டார். எத்தனை வண்டிகள் கிளம்பின என்று நான் எண்ணவில்லை. இருபத்தாறாவது நிமிடம், பள்ளிப் பேருந்து ஓட்டும் டார்லா தானியக் கிடங்குக்குப் பின்னால் பச்சைக் கோட்டைப் பார்த்தாள். இறங்கி, பாட வராத தன் குரலில் கிறிஸ்துமஸ் பாட்டைப் பாடியிருக்கிறாள். சுருதி தப்பியது பொறுக்காமல் லவோன் திரும்பி வந்து திருத்தினாராம். "கிடைத்துவிட்டார்" என்று ஒரே வார்த்தை எழுதிவிட்டு, முந்தைய அறிவிப்பை மார்லிஸ் அழித்தார். பிறகுதான் உட்கார்ந்து அழுதார்.

அந்த வாரம் வியாழக்கிழமை ஆர்வின் வந்தார். லவோன் அவர் கையைப் பிடித்திருந்தார். மார்லிஸ் பழுப்புத்தாள் பொதியை எடுத்து நீட்டினார்.

"அந்த நீலத்துணி எங்க?" என்றார் ஆர்வின்.

இழுப்பறை திறந்தது. ஆர்வின் தாளைக் கிழித்துப் புத்தகத்தைத் துணியின் நடுவில் தலைப்புத் தெரிய வைத்தார். சட்டைப் பையிலிருந்து அன்றைய மளிகைச் சீட்டை எடுத்து அதன்மேல் வைத்தார். லவோன் துணியின் சுருக்கங்களை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

"படம் எடும்மா. இனிமே ஒளிக்க என்ன இருக்கு?"

மார்லிஸ் செல்பேசியைக் கையில் எடுத்தார். பிறகு சீட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, துணியின் ஓரத்தை இழுத்துப் புத்தகத்தின் தலைப்பை முழுக்க மூடினார். அதன் மேல் சீட்டை வைத்த பிறகே படம் பிடித்தார்.