தொட்டில் போர்வையும் நாற்பது பிசிறும்

திருப்பூரில் ஒருவன் கையால் துணி பின்னுகிறேன் என்று சொன்னால், அவனுக்கு வேலை போய்விட்டதா என்றுதான் முதலில் விசாரிப்பார்கள். என்னையும் விசாரித்தார்கள். வேலை போகவில்லை. பனியன் கம்பெனி ஒன்றில் தரம் பார்ப்பவன் நான். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பகலெல்லாம் பிறர் தைத்ததை அளந்து, கொஞ்சம் பிசகினாலும் ஒதுக்கிவைப்பேன். நானாக ஒரு துணியையும் செய்ததில்லை.

செய்ய நேர்ந்தது அக்காவால். அவள் துணி ஓரங்களை அடித்துத் தைக்கும் ஓவர்லாக் டெய்லர். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டுக் கம்பெனிக்குப் போனாள். அதனால்தான் எங்கள் வீட்டில் முதல் ஆளாக நான் கல்லூரி வரை போக முடிந்தது. இதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. மின்விசிறியைக் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டத் தெரியாமல் நான் நிற்கும்போது மட்டும் “படிச்ச ஆளு” என்பாள்.

தலைப்பிரசவத்துக்கு மண்ணரையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அவள் வந்திருந்தாள். குழந்தையைத் தொட்டிலில் போடும் அன்று தாய்மாமன்தான் துணி விரிக்க வேண்டும். கடையில் வாங்கி விரிக்க எனக்கு மனமில்லை. அவள் எனக்குச் செய்ததற்குக் கைம்மாறாக என் கையால் ஒன்றாவது செய்துவிட வேண்டும் என்று இருந்தது. அதை அப்படியே சொல்லக் கூச்சமாக இருந்ததால், போர்வையை நானே பின்னித் தருவதாக மட்டும் அறிவித்தேன்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். “செரி. அப்ப வேற ஒண்ணும் வாங்காத. உன்னுது வரலீன்னா எம்புள்ள கட்டிங் வேஸ்ட்டுலயே தூங்கட்டும்.”

அன்று தொடங்கியது. மூலைக்கு மூலை குரோஷே என்ற கொக்கி ஊசிப் பின்னல் முறையைக் கைபேசியில் ஏதோ ஒரு குளிர்நாட்டுப் பெண்மணி சொல்லிக்கொடுத்தார். ஒரு மூலையில் சின்னதாக ஒரு கட்டம் போட வேண்டும். அடுத்த வரிசையில் இரண்டு கட்டம், அதற்கடுத்து மூன்று. சாய்வாகவே வளர்ந்துகொண்டு போகும். தொடக்கக்காரர்களுக்கு மிக எளிது என்றார். இருநூறு பக்க நோட்டு வாங்கி, தலைப்பைச் சிவப்பு மையில் கோடிட்டு, அவர் சொன்ன ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டேன். வேறு எப்படிப் படிப்பதென்று எனக்குத் தெரியாது.

நூல் எங்கள் கம்பெனியிலேயே கிடைத்தது. நிட்டிங் மிஷின் ஓட்டும் அண்ணன் ஒருவர், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், கோனில் மிஞ்சும் நூலை எடுத்துக்கொள்ளச் சொன்னார். பனியன் நூல் முடியளவு மெலிசு. எட்டு இழையை ஒன்றாகச் சேர்த்தால்தான் கொக்கி ஊசியில் நிற்கும். நான் எட்டையும் சேர்த்துக்கொண்டிருப்பதை அவர் இடுப்பில் கைவைத்துப் பார்த்தார்.

“ஏ தம்பி, நீ இத சேத்து முடிக்கதுக்குள்ள எம் மிசினு ஊருக்கே சட்ட ஓட்டிப் போட்ருமேடே.”

“கையால செஞ்சாத்தானுங்கண்ணா மதிப்பு” என்றேன்.

“யாரு மதிக்கா?” என்று உண்மையாகவே கேட்டார். நான் அடுத்த எட்டு இழையைச் சேர்க்கத் தொடங்கினேன்.

முதல் வாரம் பின்னியது உள்ளங்கையளவு இருந்தது, கல்போல. இரண்டாவது வாரம் விரல்கள் இளகின. பிறகு முக்கோணம் மளமளவென்று வளர்ந்தது. தினமும் அளந்து நோட்டில் குறித்தேன். அக்கா கட்டிலில் சாய்ந்து வயிற்றின் மேல் கையை வைத்தபடி வேடிக்கை பார்ப்பாள். இது போர்வையா, கட்சிக்கொடியா என்று ஒருநாள் கேட்டாள். இன்னொரு நாள், மூன்று மூலை உள்ள குழந்தை பிறக்கும் என்று ஸ்கேனில் சொன்னார்களா என்றாள். மிச்சப் பாதி தானாக வரும் என்று நம்பிக்கையோடு சொன்னேன்.

வரவில்லை. முக்கோணத்தின் ஒரு பக்கம் கட்டில் நீளத்தை எட்டிய பிறகுதான் சந்தேகம் வந்தது. தேடிப் பார்த்தால், அந்தப் பெண்மணி இரண்டாம் பகுதி என்று இன்னொரு காணொளி போட்டிருந்தார். வேண்டிய அகலம் வந்ததும் வரிசைக்கு ஒரு கட்டமாகக் குறைத்துக்கொண்டே எதிர்மூலைக்குப் போக வேண்டுமாம். முதல் பகுதியைப் பன்னிரண்டு தடவை பார்த்தவன் நான். பாதிப் பாடத்தை மனப்பாடம் செய்துகொண்டு பரீட்சைக்குப் போனதுபோல ஆயிற்று. பாதிக்கும் மேல் பிரித்தெடுத்தேன். அந்த வாரமே பெண் குழந்தை பிறந்தது. முப்பதாம் நாள் தொட்டில் என்று முடிவாயிற்று.

அந்த முப்பது நாளும் கம்பெனி வேனில் போகும்போதும் வரும்போதும் பின்னினேன். வேனில் வரும் பெண்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு “இன்னிக்கி எத்தன கட்டம் கொறஞ்சுதுங்க?” என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

மிச்ச நூல் என்பதால் அடிக்கடி தீர்ந்துபோகும். முடிச்சுப் போட்டால் குழந்தையின் உடம்பில் உறுத்தும் என்று காணொளியில் எச்சரித்திருந்தார். அதனால் பழைய நூல் முடியும் இடத்தில் புதியதைச் சேர்த்துப் பின்னி, நான்கு விரல் நீளத்துக்கு வாலை வெளியே விட்டுவைத்தேன். முழுவதும் முடிந்த பிறகு ஊசியால் அவற்றை உள்ளே ஓட்டிவிட வேண்டும். முடிச்சு இல்லாததால் அதுவரை அந்த வால்தான் பின்னலுக்குப் பிடிமானம். நாற்பது வால் இருந்தது.

தொட்டிலுக்கு முந்தின நாள் காலையில் கடைசி மூலையை முடித்தேன். நான்கு மூலை. கட்டிலில் விரித்துவைத்துவிட்டு, வாலை ஓட்ட மொட்டை ஊசி வாங்கக் கடைக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது அம்மா போர்வையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இங்கே அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்பெனியில் அம்மாவுக்குப் பிசிறு வெட்டும் வேலை. தைத்து வரும் பனியனில் தொங்கும் நூலையெல்லாம் சின்னக் கத்தரியால் ஒட்ட வெட்டுவது. வீட்டிலும் அந்தக் கத்தரி இடுப்பிலேயே இருக்கும். விருந்தாளியின் சட்டையில் நூல் தொங்கினால்கூடப் பேசிக்கொண்டே வெட்டிவிடுவார். இத்தனை வருடத்தில் பிசிறு என்று அவர் மேசைக்கு ஒரு பீஸ் திரும்பி வந்ததில்லை.

செய்தித்தாளின் மேல் நாற்பது வாலும் அழகாகக் குவிந்திருந்தன.

“உனக்கு வேல மிச்சம் சாமி” என்றார் அம்மா. “ஒண்ணு விடல. வேர் வரைக்கும் எடுத்துட்டன்.”

நான் போர்வையைத் தூக்கினேன். முதல் ஓட்டை அப்போது திறந்தது. இழுத்துப் பிடித்தேன், பக்கத்தில் இன்னொன்று. அப்படியே கீழே வைத்துவிட்டேன். அம்மாவின் முகம் மாறியது. தான் ஏதாவது தப்பாகச் செய்துவிட்டேனா என்று கேட்டார். இல்லை என்றேன். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் அவரைப் பார்க்காமல் செய்தித்தாளை மடிக்கத் தொடங்கினேன்.

அக்கா குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போர்வையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கம்பெனியில் நான் பார்ப்பதைவிட நன்றாகவே பார்த்தாள். வால் வெட்டிய மற்ற இடமெல்லாம் எந்நேரமும் கழன்றுவிடும் என்றாள்.

“டேமேஜ் பீஸ்” என்றேன்.

“வெறும் ஓட்டையா தெரிஞ்சா டேமேஜ். பின்னாடி கலர் துணி குடுத்துத் தெச்சுட்டா டிசைன். நூலையும் ஊசியையும் எடு, மொதல்ல அத்தனையும் புடிச்சு நிறுத்து.”

மாலை வரை ஒவ்வொரு ஓட்டையின் ஓரத்தையும் மேலே அவிழாதபடி ஊசியால் பிடித்து நிறுத்தினேன். அக்கா மஞ்சள் நிறத்தில் மெத்தென்ற பனியன் துணி ஒன்றை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு நடந்தாள். அங்கே கம்பெனித் துணியைக் கூலிக்குத் தைக்கும் ஜாப் ஒர்க்குக்கு ஓவர்லாக் மிஷின் போட்டிருந்தார்கள். இந்த உடம்போடு மிஷினில் உட்காராதே என்று அம்மா குழந்தையோடு பின்னாலேயே போனார், போர்வையோடு நானும் போனேன். அந்த மிஷினில் தைக்கும்போதே ஓரத்தை வெட்டிக்கொண்டு போகும் கத்தி ஒன்று உண்டு. அது பட்டால் என் பின்னல் மொத்தமும் அவிழ்ந்துவிடும். நான் வாய் திறப்பதற்குள் அக்கா கத்தியை விலக்கிவிட்டாள்.

“படிச்ச ஆளு பயப்படாத” என்றாள். நான்கு பக்கமும் ஓட்டி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

மறுநாள் நான் போர்வையை விரித்தேன். குழந்தையைப் போடுவதற்குள் சொந்தக்காரர்கள் அதைக் கையில் எடுத்துவிட்டார்கள். எல்லோரும் பனியன் கம்பெனி ஆட்கள். எந்தத் துணியைக் கொடுத்தாலும் உடனே உள்பக்கத்தைத் திருப்பித் தையலைப் பார்ப்பார்கள். போர்வையையும் ஒருவர் மாற்றி ஒருவர் திருப்பி, ஓவர்லாக்கைத் தடவிப் பார்த்துத் தலையசைத்தார்கள். ஒருவர் மட்டும் முன்பக்கத்தைத் தடவி, இது எந்த மிஷினில் ஓட்டியது, எங்கள் பக்கம் இல்லையே என்று கேட்டார்.

“எந்தம்பி கையில பின்னுனதுங்க” என்றாள் அக்கா. “டிசைனும் அவனேதானுங்க போட்டான்.”

சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் போர்வையை வாங்கி முன்பக்கம் மேலே வரும்படி விரித்தாள். குழந்தையைப் போட்டோம். சற்று நேரத்தில் அது கையை ஆட்டி எதையோ பற்றிக்கொண்டது. ஓட்டைகளைப் பிடித்து நிறுத்தியபோது நான் உள்ளே விட மறந்த ஒரு நூல்.

அம்மாவின் கை இடுப்புக்குப் போனது. துழாவியது. கத்தரி அங்கே இல்லை. காலையிலேயே அக்கா அதை எடுத்து ஒளித்துவைத்திருந்தாள்.