புஷ்பவல்லி சொன்ன பெயர்

புஷ்பவல்லி சின்னம்மா தன் கணவர் பெயரை வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் வாய்விட்டுச் சொன்னார். அதுவும் மலாயாவின் கிள்ளான் பட்டணத்தில், ஒரு ஹோட்டல் மாடியில் நின்று, கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சோற்றில் கை வைத்தபடி நிமிர்ந்து பார்க்கும்படி.

அதற்கு முன்பெல்லாம், ஆஸ்பத்திரிக் குமாஸ்தா "புருஷன் பேர் என்ன?" என்று கேட்டால், கையைத் தூக்கிப் படமெடுத்த பாம்பு போல வளைத்துக் காட்டுவார். குமாஸ்தா விழிப்பான். வரிசையில் நிற்கும் யாராவது இரக்கப்பட்டு, "நாகையா" என்று எடுத்துக் கொடுப்பார்கள். பெயரைச் சொன்னால் புருஷனுக்கு ஆயுள் குறையும் என்பது சின்னம்மாவின் நம்பிக்கை. புருஷன்மேல் வேறு நம்பிக்கை எதுவும் அவருக்குக் கிடையாது.

நாகையா சித்தப்பா ரயில்வே பட்டறையில் பிட்டர். வழுக்கை, சிறு தொந்தி, யாரிடமும் எதிர்த்துப் பேசாத வாய். அவரைச் சந்தேகிப்பது அவருக்குச் செய்யும் மரியாதை என்றுதான் நாங்கள் இருந்த பிரிக்பீல்ட்ஸில் பலரும் நினைத்தார்கள். சனிக்கிழமை மத்தியானம் மட்டும் பாடாங் திடலில் பந்து விளையாட்டுப் பார்க்கப் போவார்.

"யாரோ உதைக்கிற பந்தை இவரு எதுக்கு வாரா வாரம் போய்ப் பாக்கணும்?" என்பார் சின்னம்மா.

ஒரு வெள்ளிக்கிழமை சித்தப்பா கோயிலிலிருந்து வெறுங்காலோடு வந்தார். கையில் ஒரு தேய்ந்த ஜோடி.

"செருப்பை யாரோ மாத்தி எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க, புஷ்பம். கடைசியா இதுதான் மிஞ்சிக் கிடந்துச்சு."

"சாமி கும்பிட வந்தவன் செருப்பு எடுப்பானா? எங்க கழட்டி வச்சீங்க, எந்த வீட்டு வாசல்ல?"

அந்தச் செருப்பை ஊரே அறியும். இடது வார் அறுந்தபோது சித்தப்பாவே பட்டறையில் அரச இலை போல ஒரு பித்தளைத் தகடு வெட்டி அடித்திருந்தார். அப்படி ஒன்று மலாயாவில் வேறெங்கும் கிடையாது. அதுதான் வினையாயிற்று.

அடுத்த வாரம், கிள்ளானில் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்த பக்கத்து வீட்டு வீரம்மா, வேலியோரம் நின்று குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. நாங்க தங்கின ஹோட்டல்ல, மாடியில, கடைசி ரூம் வாசல்ல அண்ணன் செருப்பு கிடந்துச்சு. அந்தப் பித்தளை இலை. பக்கத்துலயே பாசிமணி வச்ச பொம்பளைச் செருப்பு."

"என்னைக்கு?"

"சனிக்கிழமை. வாரா வாரம் வர்ற ஆளாம்லா. ஹோட்டல்காரரே சொன்னாரு."

அடுத்த சனிக்கிழமை சித்தப்பா அந்தத் தேய்ந்த ஜோடியை மாட்டிக்கொண்டு பந்து பார்க்கக் கிளம்பியதும், சின்னம்மாவும் கிளம்பினார். பட்டறைக்காரர் மனைவிக்கு ரயிலில் இலவச பாஸ் உண்டு. புருஷனைப் பிடிக்கப் புருஷன் பாஸிலேயே போனவர் எங்கள் குடும்பத்தில் அவர் ஒருவர்தான். கிள்ளான் வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பாமல், என்ன கேட்பது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாராம்.

மாடி ஏறினார். கடைசி அறை வாசலில் பித்தளை இலை பளபளத்தது. பக்கத்தில் பாசிமணி. யோசித்து வைத்த கேள்விகள் எல்லாம் மறந்து போயின. கதவை இரண்டு கையாலும் அறைந்தார்.

"டேய் நாகையா! வெளிய வாடா! நாகையா!"

கீழே வாழையிலை முன் உட்கார்ந்திருந்த கூட்டம் அந்தப் பெயரை நன்றாகவே கேட்டது.

கதவு திறந்தது. திறந்தவர் எங்கள் கோயில் தலைவர் காசிவிஸ்வநாதன். நெற்றி நிறைய விபூதி, இடுப்பில் ஹோட்டல் துண்டு. கட்டிலின் மறுபக்கம் ஒரு பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். சின்னம்மா பழக்கதோஷத்தில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். தலைவரும் ஆசீர்வதிக்கக் கையைத் தூக்கினார். துண்டு நழுவியது.

"தாயி, வெளிய சொல்லிடாத," என்றார் துண்டைப் பிடித்தபடி.

சின்னம்மா குனிந்து புருஷன் செருப்பை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினார். தலைவர் பின்படி வழியாகப் போய்விட்டார்.

மாலையில் சித்தப்பா வந்தபோது செருப்பு வாசலில் இருந்தது.

"எங்க கிடைச்சுது?"

"கிடைச்ச இடத்துல கிடைச்சுது. பந்துல யாரு ஜெயிச்சா?"

கல்யாணமான நாள் முதல் சின்னம்மா பந்து பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை. சித்தப்பா பயந்துபோனார்.

பயப்பட வேண்டியது வேறு இருந்தது. இரண்டு நாளில், 'நாகையா கிள்ளானில் பெண்ணோடு பிடிபட்டார்' என்ற செய்தி ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் வந்து சேர்ந்தது. பட்டறையில் அவருக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தார்கள். சின்னம்மா வீடு வீடாகப் போய், "அவரு இல்ல, அவரு அப்பேர்ப்பட்டவரு இல்ல" என்று சொன்னார். பெண்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னைப் போல பொறுமைசாலி உண்டா!" என்று கண் கலங்கினார்கள். பத்து வருஷமாக அவர் புருஷனைப் பற்றிச் சொன்ன பொய்யெல்லாம் அவர்களுக்கு நினைவிருந்தது. இப்போது சொல்லும் உண்மையை நம்ப ஆளில்லை.

சித்தப்பா ஒன்றும் கேட்கவில்லை. சனிக்கிழமை பந்து பார்க்கப் போவதை மட்டும் நிறுத்திவிட்டார். சின்னம்மாவால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து, தலைவர் பரிவட்டமும் மாலையுமாக வெளியே வந்தார். பக்கத்தில் மனைவி சிவகாமி. சின்னம்மா கூட்டத்தைப் பிளந்துபோய், அந்தத் தேய்ந்த ஜோடியை அவர் காலடியில் வைத்தார்.

"தலைவரய்யா, என் வீட்டுக்காரர் செருப்பு வந்துடுச்சு. உங்களுதை நீங்க வாங்கிக்கலையே."

"யாருது? என்னுது இல்ல."

சிவகாமி குனிந்து பார்த்தார். "உங்களுதுதாங்க. போன தீபாவளிக்கு நான் வாங்கினது. காணோம் காணோம்னீங்களே. எங்கம்மா இருந்துச்சு?"

"இங்கதான் ஆச்சி, கோயில்ல. எங்களுதுதான் கிள்ளான்ல கிடந்துச்சு. சனிக்கிழமை, ஹோட்டல் மாடியில."

மேளக்காரர் கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார். சிவகாமி தன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு தனியாக நடந்தார். அந்த முகத்தைப் பார்த்தபின் ஜெயித்த சந்தோஷம் வரவில்லை என்று சின்னம்மா என்னிடம் சொல்லியிருக்கிறார்.

காசிவிஸ்வநாதன் தலைவராகவே நீடித்தார். ஊர் அதற்கெல்லாம் தலைவரை மாற்றாது. ஆனால் அடுத்த சனிக்கிழமை சித்தப்பாவைச் சின்னம்மாவே பாடாங்குக்கு அனுப்பினார். எங்கே, எதற்கு என்று கேட்கவில்லை.

போன வாரம் சின்னம்மா போய்விட்டார். அவர் சாவுக்குத் தலைவர் வந்தார், வெறுங்காலோடு. மறுநாள் சாவைப் பதிய சித்தப்பாவை நான்தான் அழைத்துப் போனேன். குமாஸ்தா தலை நிமிராமல், "கணவர் பெயர்?" என்றார்.

சித்தப்பா மெதுவாகக் கையைத் தூக்கி, பாம்புப் படம் போல வளைத்துக் காட்டினார்.