கை வெக்காதீங்கன்னு சொன்ன ரத்தினம்மாக்கா

ரத்தினம்மாக்காவப் பத்தி இப்ப தெருவுல ஆளாளுக்கு ஒண்ணு பேசறாங்க. ரவுடின்றாங்க, ராட்சசின்றாங்க. பேசறவங்க வாயில மண்ணு விழ! அதுல பாதிப் பேரு அன்னிக்கு அக்கா பக்கத்துலயே நின்னு ரவியை ஒதச்சவங்க. நானும் ஒதச்சேன். அதனால நானே சொல்றேன், கேட்டுக்குங்க.

ஆந்திரா பார்டர்ல நகரியில எங்க தெரு பூரா பவர்லூம்தான். வூட்டுக்கு நாலு தறி, வசதி இல்லாதவங்களுக்கு ரெண்டு. காலையில சுச்சு போட்டா தடதடன்னு ஓடிக்கினே இருக்கும். பக்கத்துல நிக்கறவங்க காதுல வாய வெச்சுக் கத்துனாத்தான் பேச்சு கேக்கும். அந்த சத்தத்துக்குள்ள ஒரு பொம்பளைய அடிச்சுக் கொன்னாலும் வெளிய தெரியாது. ரத்தினம்மாக்காவுக்கு அது நல்லாத் தெரியும். அவங்க புருஷன் ரெண்டு தறியையும் ஓட வுட்டுட்டுத்தான் பெல்ட்டை அவுப்பானாம். பன்னெண்டு வருஷம் அப்பிடி. முன்பல்லு ரெண்டு போச்சு, எடது காது போச்சு, வயித்துல இருந்த ஆறு மாசப் புள்ள போச்சு. ஒரு நாதி வரல. "எங்களுக்குக் கேக்கவே இல்லியேம்மா"ன்னாங்களாம் அக்கம்பக்கத்துல, அப்பறமா. அவன் குடிச்சுக் கொடல் வெந்து செத்தப்ப அக்கா ஒரு சொட்டு அழல. வந்தவங்களுக்கு சோறாக்கிப் போட்டுட்டு மறுநாளே தறியில நின்னுச்சு.

கொரோனா காலத்துல தெருவுல பாதி வூட்டுக்குக் கதவு சாத்தியாச்சு. சொந்த அண்ணன் தம்பியே எட்டிப் பாக்கல. அப்ப அக்காதான் எங்களையெல்லாம் இழுத்துக்கினு வந்துச்சு. நான், எதிர்வூட்டு சடகோபன், இன்னும் பதினஞ்சு பேரு. ஒரு வூட்டுல அடுப்பு மூட்டி முப்பது வூட்டுக்கு சோறு குடுத்தோம். நாலு பொணத்த நாங்களே தூக்கினோம். நோய் போன பொறவும் நாங்க கலையல. பிரசவமா, ரத்தம் வேணுமா, சாவா, எதுன்னாலும் எங்களுக்குத்தான் முதல் போன் வரும். பேரு கூட வெச்சுக்கல, சங்கம்னு சொல்லுவாங்க, அவ்ளோதான்.

அந்த சங்கத்துல அக்கா ஒரு சட்டம் போட்டுச்சு. எந்த வூட்டுலயாவது பொம்பளைக்கு அடி விழுதுன்னு பக்கத்து வூட்டுக்குத் தெரிஞ்சா, ஒடனே தன் தறியை நிறுத்தணும். அது நின்னா அதுக்கு அடுத்த வூடு நிறுத்தணும். ரெண்டு நிமிஷத்துல தெரு மொத்தம் அடங்கிடும். அப்பறம் எல்லாரும் போயி அந்த வூட்டு வாசல்ல நிக்கணும். பேசக் கூடாது, திட்டக் கூடாது. "முக்கியமா, ஒருத்தன் மேல கை வெக்கக் கூடாது. கை வெச்சா அவனுக்கும் நமக்கும் இன்னா வித்தியாசம்?"னு அக்கா விரலை ஆட்டி ஆட்டி சொல்லும்.

எனக்கு அடுத்த வூடுதான் ரவி வூடு. அவன் பொண்டாட்டி கீர்த்திக்கு இருவத்தாறு வயசு. அவன் அவ முடிய புடிச்சு செவுத்துல மோதுவான். அந்த அதிர்வு என் வூட்டு செவுத்துல தெரியும், சத்தம் வராது. முதல் வாட்டி நான் தறியை நிறுத்தினப்ப நாப்பது பேரு அவன் வாசல்ல நின்னோம். அவ அலறல் முழுசாக் கேட்டுச்சு. வெளிய வந்தவன் எங்களப் பாத்து நடுங்கிட்டான். ரெண்டாவது வாட்டி காலை பத்துலேர்ந்து ஒரு மணி வரிக்கும் வெயில்ல நின்னோம். அதுக்கப்பறம் எட்டு மாசம் அவன் கை ஓங்கல. கீர்த்தி ஒடம்பு தேறினா. சிரிச்சா கூட.

இப்ப அந்த நாளுக்கு வரேன். மே மாசம், செவ்வாக்கிழமை, மணி பதினொண்ணு இருக்கும். நான் தார்க்குச்சியில நூல் சுத்திக்கினு இருந்தேன். ரவி வூட்டு நாலு தறியும் ஒண்ணா நின்னுச்சு. கரண்டு போகல, என் தறி ஓடிக்கினு கீது. அந்த நேரத்துல அவன் தறி நிக்கவே நிக்காது. அடுத்த நொடி, என் தறி சத்தத்தையும் மீறி, கீர்த்தி கத்தினா. ஒரே ஒரு கத்தல், அப்பறம் ஒண்ணும் இல்ல. எனக்கு ரத்தம் தலைக்கேறிடுச்சு. நாலு எட்டு நடந்து எட்டிப் பாத்திருக்கலாம் நானு. பாவி, பாக்கல. சுச்சை அணைச்சேன். என்னைப் பாத்து அடுத்த வூடு, அதப் பாத்து அடுத்ததுன்னு தெரு அடங்கிப் போச்சு.

ரத்தினம்மாக்கா ஓடி வந்துச்சு. கதவு தொறந்துதான் இருந்துது. உள்ள கீர்த்தி மல்லாக்க கெடக்கறா, மொகம் பூரா ரத்தம், எடது கண்ணு இருந்த எடத்துல ரத்தக் குழிதான் தெரியுது. ரவி அவ பக்கத்துல மண்டி போட்டுக்கினு கீறான். கையில நாடா, தறியில ஊட நூலை இழுத்துக்கினு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பாயற கட்டை, அதோட இரும்பு மூக்குல ரத்தம்.

அக்கா நிக்கல, பேசல. மூலையில கெடந்த கட்டைய எடுத்து அவன் மணிக்கட்டுல ஓங்கிப் போட்டுச்சு. எலும்பு முறிஞ்ச சத்தம் எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு. மறு அடி தோள்ல. அவ்ளோதான், எங்களுக்கு அனுமதி கெடச்ச மாதிரி ஆயிடுச்சு. சடகோபன் வயித்துல மிதிச்சான். நான் விலாவுல ஒதச்சேன், செருப்புக் காலோட. எத்தினியோ நாள் ஆத்திரம் அது, என் நைனா எங்கம்மாவ அடிச்சதுக்கும் சேத்து ஒதச்சேன். நல்லா இருந்துது, பொய் சொல்லுவானேன்.

"நாடா தெறிச்சுதுக்கா! ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கக்கா!"ன்னு அவன் கத்திக்கினே இருந்தான். கீர்த்தி பொடவையப் புடிச்சுக்கினு வுடல. அந்த விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சு அவனத் தெருவுக்கு இழுத்துக்கினு வந்து கரண்டு கம்பத்துல கட்டினாங்க. பல்லு ஒடஞ்சு வாயிலேர்ந்து ரத்தம் கொட்டுது, அப்பவும் "அவளப் பாருங்க, அவளப் பாருங்க"ன்றான். சடகோபன் அந்த வாயிலயே குத்தினான்.

இருவது நிமிஷம் இருக்கும். அப்பறமாத்தான் நான் கீர்த்திகிட்ட போனேன். நாலாவது தறிய அப்பதான் பாத்தேன். நீளவாட்டுல ஓடற பாவு நூல் ஒரு கொத்தா அறுந்து தொங்கினு இருந்துது. நாடா பாஞ்சு வெளிய போனாத்தான் அப்பிடி அறும். தறியிலயே பொறந்து வளந்தவங்க நாங்க, ஒரு பார்வை பாத்திருந்தா போதும். முப்பது பேர்ல ஒருத்தர் கூட தறியப் பாக்கல. கீர்த்தி ஒதடு அசஞ்சுது. "அவரு இல்லக்கா. நாடா"ன்னா.

ஆட்டோவுல போட்டு, புத்தூர் தாண்டி திருப்பதிக்குக் கொண்டு போனோம். டாக்டர் வெளிய வந்து, உயிருக்கு பயம் இல்ல, கண்ணு போச்சுன்னாரு. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா முயற்சி பண்ணிப் பாத்திருக்கலாம்னாரு. ரத்தினம்மாக்கா அப்பிடியே தரையில உக்காந்துடுச்சு.

சடகோபன் எங்களத் தள்ளிக் கூட்டிக்கினு போயி, "எல்லாரும் ஒரே வார்த்தை சொல்லணும். ரவி அடிச்சான், நாம தடுத்தோம். ஏற்கெனவே அடிச்சவன்தானே, ஊரே நம்பும்"னான். எல்லாரும் தலையாட்டினோம். நானும்தான். கம்பத்துல கட்டி வெச்சு அடிச்சவனை நிரபராதின்னு சொல்லி நாங்க ஏன் ஜெயிலுக்குப் போவணும்னு என் புத்தி கணக்குப் போட்டுச்சு. த்தூ, இன்னா ஜென்மம் நானு!

எஸ்.ஐ. வந்து, "எவரு கொட்டினாரம்மா?"ன்னு, யாரு அடிச்சதுன்னு தெலுங்குல கேட்டாரு. சடகோபன் வாயத் தொறக்கறதுக்குள்ள அக்கா எழுந்துச்சு. "நேனே கொட்டினானு சார், நான்தான் அடிச்சேன். அந்தப் பையன் ஒண்ணும் பண்ணல. நாடா தெறிச்சுது. நான் பாக்காமயே அடிச்சேன்"னுச்சு. வேற யாருன்னு துருவித் துருவிக் கேட்டாங்க. ஒரு பேரும் வரல அது வாயிலேர்ந்து. முதல்ல தறியை நிறுத்தினது யாருன்னும் சொல்லல. என்னை ஒரு வாட்டி கூடத் திரும்பிப் பாக்கல.

அக்காவப் பதினாறு நாள் ஜெயில்ல வெச்சிருந்தாங்க. ஜாமீன்ல வந்த அன்னிக்கே அக்கா நேரா கீர்த்தி வூட்டுக்குப் போச்சு. நான் பின்னாடியே போனேன். கீர்த்தி வெளிய வந்தா, கண்ணுல கட்டு. அக்கா கால்ல விழப் போச்சு. விழறதுக்குள்ள கீர்த்தி அறைஞ்சா, பளார்னு. மறுபடியும் அறைஞ்சா. நான் குறுக்க போனேன், அக்கா என்னைத் தள்ளி வுட்டுட்டு மொகத்தக் காட்டிக்கினு நின்னுச்சு. கீர்த்தி கை ஓயற வரிக்கும் அடிச்சா.

அப்பறம் மூச்சு வாங்கிக்கினே மெதுவாப் பேசினா. வூட்டுக்குள்ள இருக்கற ரவிக்குக் கேக்கக் கூடாதுன்னு பேசின பேச்சு அது.

"கண்ணு போனதுக்கு அடிக்கலக்கா. அவருக்கு இப்ப சோத்துக் கை எழும்பல, தறி ஓட்ட முடியல. நாளெல்லாம் வூட்டுலயே உக்காந்து என்னையே பாக்கறாரு. நேத்து எடது கையால தட்ட வீசினாரு. இன்னிக்குக் காலையில கழுத்தப் புடிச்சாரு. 'போயி கத்து, எவ வருவான்னு பாக்கலாம்'னாரு. சொல்லுக்கா, இனிமே யாரு வருவாங்க?"

கீர்த்தி என்னைத் திரும்பிப் பாத்தா. அவளுக்கும் எனக்கும் நடுவுல ஒரு செவுருதான். நான் வரேண்டின்னு சொல்லணும். ஒரே ஒரு வார்த்தை. நான் தலையக் குனிஞ்சுக்கினேன்.