ஒற்றைக் கயிற்றுப் பெட்டி

எங்கள் வீட்டில் இரண்டு வாத்தியக்காரர்கள் இருந்தார்கள். ஒருவரைப் பற்றி, மலாயாவில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மற்றவர் என் அப்பா.

முதலாமவர் என் மாமா, அம்மாவின் தம்பி. கெமாஸ் ரயில் நிலையத்தில் வேலை. அங்கே யாரிடமோ கித்தார் கற்றுக்கொண்டு, லீவு கிடைக்கும்போதெல்லாம் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்கள் தோட்டத்துக்கு வந்துவிடுவார். அவர் விரல்கள் ஓடுகிற ஓட்டத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பார். கித்தாரை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டும் வாசிப்பார். ஒருமுறை கம்பியைப் பல்லால் கடித்துக்கூட வாசித்துக் காட்டினார். பாட்டு என்னவென்று யாருக்கும் புரியவில்லை, ஆனால் கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அப்பாவின் வாத்தியம் ஒரு தேயிலைப் பெட்டி. தோட்டக் கடைக்குச் சரக்கு வந்த பலகைப் பெட்டி. அதன் மேற்பலகை நடுவே துளை போட்டு, மெழுகு தேய்த்த கயிறு ஒன்றைக் கோத்து, மறுமுனையை ஒரு கம்பின் தலையில் கட்டியிருந்தார். கம்பைப் பெட்டியின் ஓரத்தில் ஊன்றிச் சாய்த்தால் கயிறு இறுகும், நிமிர்த்தினால் தளரும். மீட்டினால் டும் என்று ஒரு சத்தம், காதில் கேட்பதைவிட அடிவயிற்றில்தான் அதிகம் கேட்கும். சத்தம் வெளியே வருவதற்காகப் பெட்டியின் பக்கவாட்டில் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அவ்வளவுதான் சங்கதி. மாமா நூறு சுரம் வாசித்து முடிக்கும் நேரத்தில் அப்பா நான்கு டும் போடுவார். சில சமயம் மூன்றுதான். நான்காவதைப் போடாமல் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு சும்மா சிரிப்பார். அவருக்கு மறந்துபோய்விட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் கிராணியாரின் மகள். கிராணியார் என்றால் ஆபீஸில் பேர் பதிகிறவர், தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரைக்கு அடுத்தபடி பேனா வைத்திருந்த மனிதர். அவர் மகளிடம் மாமாவைப் பற்றி நான் அளந்துவிட்ட கதைகளைக் கேட்டுவிட்டு ஒருநாள் அவள் கேட்டாள்.

“எல்லாஞ் சரி, உங்கப்பா எதுக்குடி பக்கத்துல உக்காந்து அந்தப் பெட்டிய சொறியிறாரு?”

நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து பெட்டியைப் பார்த்தால், பல்லை இளித்துக்கொண்டு மூலையில் நின்றது. அன்றிலிருந்து அதன்மேல் எனக்கு ஒரே ஆத்திரம்.

அவசரகாலம் அது; கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் இருந்துகொண்டு வெள்ளைக்கார அரசோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி போட்டு, போக வர ஒரே ஒரு கேட் வைத்திருந்தார்கள். காட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்விடக்கூடாது என்று, வெளியே போகிற ஒவ்வொருவரையும் கேட்டில் தடவிப் பார்ப்பார்கள். பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கப் போகிறவர்கள் மத்தியானச் சோறுகூட எடுத்துப் போக முடியாது. அம்மாவின் கூடையில் ஒருமுறை ஒரு சீனிப் பொட்டலம் அகப்பட்டது. கேட்டில் இருந்த மலாய்க்காரக் காவலர் அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டு நாலு திட்டுத் திட்டி, போ என்று விட்டுவிட்டார். இதைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் எனக்கு வினையாயிற்று.

கோலா சாவா பக்கம் இன்னொரு தோட்டத்தில் அத்தை மகளுக்குக் கல்யாணம் வந்தது. அத்தை அப்பாவின் அக்கா. ஆக, கல்யாணப் பெண்ணுக்கு அப்பாதான் தாய்மாமன். அவர் மாலை போட்டால்தான் பெண் மணவறைக்குப் போக முடியும். ஊரடங்கு இருந்ததால் கல்யாணம், விருந்து, கும்மி எல்லாம் பகலிலேயே முடிந்தாக வேண்டும். சீர்த் தட்டில் வைக்கிற தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும்கூடக் கிராணியார்தான் துரையிடம் அனுமதிச் சீட்டு எழுதி வாங்கிக் கொடுத்தார். அந்த மரியாதைக்கு அவர் குடும்பமும் எங்களோடு லோரியில் வருவதாக ஏற்பாடு. மாமாவும் கித்தாரோடு வந்துவிட்டார். பெட்டியும் வருகிறது என்று அப்பா சொன்னதும் எனக்கு உயிரே போய்விட்டது. கிராணியார் மகள் முன்னால், அசலூர்ச் சனம் முன்னால், அப்பா பட்டு வேட்டி கட்டிக்கொண்டு பெட்டியைச் சொறியப் போகிறார்.

கல்யாணத்தன்று காலை அம்மா தட்டு அடுக்கிக்கொண்டிருந்தபோது, பால் டின்னில் பாதி அரிசி அள்ளினேன். எனக்குச் சின்னதாகிப்போன பச்சைப் பாவாடையில் ஒரு துண்டைக் கிழித்து அதில் முடிந்தேன். பெட்டியின் ஓட்டை வழியாகக் கையை விட்டு மூலையில் திணித்தேன். கேட்டில் எப்போதும் ஓட்டைக்குள் கையை விட்டுத் துழாவுவார்கள். அரிசி அகப்படும். பெட்டியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, நாலு திட்டுத் திட்டி, போ என்று விடுவார்கள். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்றைக்கென்று கேட்டில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி நின்றார்.

நான் லோரியின் மேலே கிராணியார் மகளோடு உட்கார்ந்திருந்தேன். காவலர் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே ஓட்டைக்குள் கையை விட்டார். கை வெளியே வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பில்லை. அதிகாரி முடிச்சை அவிழ்த்தார். அரிசி அவர் உள்ளங்கையில் கொட்டியது. அப்பா அந்தப் பச்சைத் துணியைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து லோரியின் மேலே பார்த்தார். ஒரே ஒரு பார்வை. நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டேன்.

“நாந்தாங்க தொர வச்சேன்” என்று அப்பாவின் குரல் கேட்டது. “மத்தியானத்துக்குப் பசிக்குமேன்னு வச்சேன்.”

கல்யாண விருந்துக்குப் போகிறவன் பசிக்கு அரிசி எடுத்துப் போனதாகச் சொன்னால் எந்தத் துரை நம்புவான்? கிராணியார் இறங்கி இங்கிலீஷில் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். நடக்கவில்லை. அப்பாவை ஜீப்பில் ஏற்றினார்கள். அம்மா இறங்கப் போனபோது அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“நீ போ. மாலையும் தட்டும் நேரத்துக்குப் போவணும். பொண்ணு காத்துக்கிட்டு நிக்கும்லா.”

லோரி கிளம்பியது. நான்தான் என்று சொல்ல அப்போது எனக்கு வாய் இருந்தது. சொல்லவில்லை. இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

கல்யாண வீட்டில் அப்பாவுக்குப் பதிலாக என் ஐந்து வயதுத் தம்பியைப் பலகைமேல் ஏற்றி மாலை போட வைத்தார்கள். மாலை அவனைவிட நீளம். எல்லாரும் சிரிக்க வேண்டிய இடம், ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மா அடுப்படிப் பக்கம் போய் உட்கார்ந்து அழுதாள். பெண்கள் பாதிப்பேர் அங்கே போய்விட்டார்கள்.

தாலி கட்டி விருந்தும் முடிந்தபின், இப்படியே விட்டால் இழவு வீடு மாதிரி ஆகிவிடும் என்று அத்தை வீட்டுக்காரர் மாமாவை வாசிக்கச் சொன்னார். மாமா உட்கார்ந்தார். பக்கத்தில் டோலக்குத் தட்டுகிற அந்தத் தோட்டத்து ஆள். பாட ஒரு சின்னம்மா. கும்மிக்கு ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக நின்றார்கள். நான் கிராணியார் மகளின் கையைக் கிள்ளி, இப்போது பார் என்றேன்.

மாமா பிரமாதமாகத்தான் வாசித்தார். அதில் பொய் சொல்லக்கூடாது. விரல் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஓடியது. ஆனால் சின்னம்மா எந்த இடத்தில் பாட்டை எடுப்பது என்று தெரியாமல் இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினாள். எடுத்தபோது மாமா இரண்டு வீடு தள்ளிப் போய்விட்டார். டோலக்காரர் அவரைப் பிடிக்க ஓடினார், பிடித்தபோது மாமா அங்கே இல்லை. கும்மிப் பெண்களின் கை ஒன்றாகத் தட்டவில்லை. ஒரு கை முன்னால், ஒரு கை பின்னால், ஓலைக் கூரையில் தூறல் விழுந்த மாதிரி. ஒருத்தி நின்று முந்தானையைச் சரிசெய்தாள். அடுத்தவள் தண்ணீர் குடிக்கப் போனாள். கொஞ்ச நேரத்தில் வட்டம் என்று ஒன்று இல்லை.

மாமா வாசித்துக்கொண்டே இடது பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அங்கேதான் அப்பா உட்காருவார். மூன்றாவது பாட்டின் நடுவில் கையை எடுத்துவிட்டார். கித்தாரில் ஏதோ கோளாறு என்று ஒரு கம்பியைத் திருகினார். கம்பி சரியாகத்தான் இருந்தது. நான் பக்கத்திலேயே நின்றேன், எனக்குத் தெரியும்.

“பெட்டி வரலியா?” என்று யாரோ கேட்டார்கள். கிராணியார் மகள் கொட்டாவி விட்டாள்.

அப்பா பதினெட்டு நாள் கழித்து வந்தார். தோட்டத்துத் துரையிடம் சொல்லி, கிராணியார் கையெழுத்துப் போட்டு மீட்டுக் கொண்டுவந்ததாகப் பேசிக்கொண்டார்கள். ஆள் பாதியாகியிருந்தார். பெட்டியைக் கேட்டிலேயே கோடாலியால் பிளந்து பார்த்துவிட்டார்கள், அதன் பலகைகள் காவல் கொட்டகை ஓரத்தில் கிடந்து மழையில் ஊறின. தினமும் அதைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனேன்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேட்டார்கள், உங்கப்பா காட்டுக்காரங்களுக்கு அரிசி கொண்டு போனாராமே என்று. இல்லை என்று சொல்லவில்லை. “எங்கம்மா வேணாம்னுதான் சொன்னாங்க, அவருதான் கேக்கல” என்றேன். அவ்வளவு சரளமாக எப்படி வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

வந்த மறுநாள் அப்பா என் துணிகளோடு ஒரு துண்டை மடித்து வைத்திருந்தார். அந்தப் பச்சைத் துணி. துவைத்துக் காயவைத்தது. அதை எப்படித் திரும்ப வாங்கினார், எங்கே துவைத்தார், தெரியாது. என்னிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவிடமும் ஒன்றும் சொல்லவில்லை. நான் அவர் பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்தேன். அடி விழும் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

“மாமா நல்லா வாசிச்சாரா?”

“ரொம்ப வேகமா வாசிச்சாரு.”

“அவன் வேகமாத்தான் வாசிப்பான்.” சோற்றைப் பிசைந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார். “பொண்ணுங்க ஆடினாங்களா?”

இந்தக் கேள்விக்கு என்ன பதில் வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்தேன். என்னால் ஜெயிலுக்குப் போய் வந்திருக்கிறார். கல்யாணமும் கெட்டுப்போனது என்று கேட்டால் இன்னும் வருத்தப்படுவார். ஒரு நல்ல வார்த்தையாவது சொல்வோம்.

“நல்லா ஆடினாங்கப்பா. நிறுத்தவே இல்ல.”

“அப்ப சரி” என்றார். பாதிச் சோற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டுக் கை கழுவ எழுந்தார்.

அடுத்த லீவுக்கு மாமா வந்தபோது தோளில் கித்தார் இல்லை. கெமாஸிலிருந்து ரயிலிலும் லோரியிலும் ஒரு புதுத் தேயிலைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். கேட்டில் அதைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டிவிட்டு உள்ளே வந்திருக்கிறார். அப்பாவின் முன்னால் வைத்து, “மச்சான், கயிறு மட்டும் நீங்க கட்டிக்குங்க” என்றார்.

அப்பா பெட்டியைத் தடவிப் பார்த்தார். நல்ல பலகை என்றார். பிறகு தள்ளி வைத்தார்.

“எதுக்குப்பா. அது இல்லாமலே அன்னிக்கு நல்லா நடந்துச்சாம்லா.”

“யாரு சொன்னா?”

“பிள்ளதான் சொல்லுச்சு. பொண்ணுங்க நிறுத்தவே இல்லியாம்.”

மாமா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அம்மா அன்று அடுப்படியைவிட்டு வரவே இல்லை, தம்பிக்கு விவரம் தெரியாத வயது. வட்டம் கலைந்ததைப் பார்த்தவர்கள் அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மாமா தொண்டையைச் செருமினார். சொல்லிவிடுவார் என்று பயந்தேன். அவர் சட்டைப் பையில் சிகரெட்டைத் தேடிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பெட்டியை அம்மா துணி வைக்க எடுத்துக்கொண்டாள். என் பாவாடைகளை நானே அதில் அடுக்கினேன். பச்சைத் துண்டு எல்லாவற்றுக்கும் அடியில். பெட்டி நிறைந்ததும் பக்கத்தில் ஒருமுறை தட்டிப் பார்த்தேன். ஒரு சத்தமும் வரவில்லை. அப்பாடா, இனிமேல் யாரும் நம்மைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.