மருதாணி விரலில் மாட்டிய கிளிப்

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம் இல்லை, கல்யாணத்தோடு வந்து ஒட்டிக்கொண்டது. என் கணவர் தராசுத் தட்டின் அடியைத் தடவிப் பார்க்காமல் கத்திரிக்காய்கூட வாங்கமாட்டார். மண்ணூர்பேட்டையில் இரும்பு வார்க்கும் பட்டறையில் வேலை.

தொண்ணூறுகளின் கடைசியில், வளைகாப்புக்கு மறுநாள், எனக்கு இளைப்பு கண்டுவிட்டது. கரையான்சாவடியில் ஒரு சின்ன நர்சிங் ஹோமுக்கு அழைத்துப் போனார். டாக்டரம்மா புதிதாக வாங்கிய கிளிப் ஒன்றை என் விரல் நுனியில் மாட்டினார். உள்ளே சிவப்பாக விளக்கு எரிந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று ஊசி இல்லாமலே காட்டுமாம். எண்பத்திரண்டு என்று வந்தது. தொண்ணூற்றைந்துக்குக் குறையக் கூடாதாம்.

"குழந்தைக்கு ஆபத்து. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. ஆபரேஷன்கூடத் தேவைப்படலாம்" என்றார்.

கணவர் என் காதருகே குனிந்தார். "இன்னாமே இது, ஊசியே போடாம ரத்தத்தப் பத்திச் சொல்றாங்கோ? வயித்தக் கீறத்துக்கு வழி பண்ணிக்கினு கீறாங்க."

எனக்கும் அப்படித்தான் பட்டது. வந்ததுமே டாக்டரம்மா கொடுத்த மருந்துப் புகையை இழுத்த பிறகு இளைப்பு அடங்கி நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன். ஆனாலும் உள்ளே பிள்ளை மூச்சுக்குத் தவிக்கிறதோ என்று வயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

டாக்டரம்மாவுக்கும் ஏதோ இடித்திருக்க வேண்டும். என் கையைத் திருப்பிப் பார்த்தார். வளைகாப்புக்காக விரல் நுனிகளில் தொப்பி தொப்பியாக வைத்த மருதாணி கறுப்பாகவே பற்றியிருந்தது. கிளிப்பைக் கழற்றிக் காது மடலில் மாட்டினார். தொண்ணூற்றேழு.

"மருதாணி வெளிச்சத்தை மறைச்சிருக்கு. வீட்டுக்கே போகலாம்" என்று சிரித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

என் மனிதர் விடுவாரா? "வெரல்ல ஒண்ணு, காதுல ஒண்ணா? டுபாக்கூர் மெஷினு. எனக்கு மாட்டுங்க, நான் நல்லாத்தானே கீறேன்" என்று விரலை நீட்டினார்.

எண்பத்தாறு.

"பாத்தியா!" என்று என் பக்கம் திரும்பிக் கைகொட்டிச் சிரித்தார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. தன் விரலில் மாட்டிப் பார்த்தார், தொண்ணூற்றெட்டு. மறுபடி என் கணவரின் இன்னொரு கையில், பிறகு காதில் மாட்டினார். எண்பத்தாறுதான்.

"சட்டையெல்லாம் இரும்புத் தூசியா இருக்கே, பட்டறையில ரொம்ப வருஷமா வேலையா? படி ஏறினா மூச்சு வாங்குதா?"

அவர் காதிலிருந்து கிளிப்பைக் கழற்றி நீட்டினார். கொஞ்ச நாளாக மாடிப்படியின் பாதியில் நின்று, தெருவை வேடிக்கை பார்ப்பதுபோல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருப்பார். எதற்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"மெஷின் பொய் சொல்லுது டாக்டர்" என்றேன். இந்தத் தடவை சொன்னது நான்தான்.