மொசைக் தரையில் விரித்த கோணி

ஆவடியில் வீடு கட்டியபோது, மொசைக் தரையை முகம் தெரியுமளவுக்குப் பாலிஷ் போட வைத்தார் என் கணவர். அந்தக் கூடத்தில் நான் வளர்த்த இரண்டு வாத்துக்குஞ்சுகளுக்கும் பத்தே நாளில் கால்கள் பக்கவாட்டில் விரிந்துவிட்டன.

"நீ போடற தீனி அப்படி கீது" என்று என்னைத் திட்டினார். நானும் நம்பி, தீனியை மாற்றி மாற்றி நாளைக் கடத்தினேன்.

கால்நடை டாக்டரோ, "தரை வழுக்குதும்மா. காலைத் துணியால தளர்வா சேர்த்துக் கட்டி, கோணி விரிச்சு விடுங்க" என்றார். நல்லவேளை, குஞ்சுகள் எழுந்து நடந்தன.

கூடம் முழுக்க விரித்த கோணியை நான் இன்னும் எடுக்கவில்லை. தன் நண்பர்களுக்குத் தரையைக் காட்ட ஆசைப்பட்டு என் கணவர், "இன்னிக்கி மட்டும் எடுத்துடு மே" என்று கெஞ்சுவார்.

"குஞ்சுங்க வழுக்கி வுழுந்துடும்" என்பேன்.

குஞ்சுகள் வளர்ந்து கொல்லைக்குக் குடிபோய் வருஷம் ஒன்றாகிறது.