மீசை வழித்த முகம்

சலூன்காரருக்குக் கத்தி பிடித்தால் மட்டும்தான் கை ஓயும். ஆள் எழுந்து போனதும் சீப்பைத் துடைப்பார், துடைத்ததையே மறுபடி துடைப்பார், வாசலுக்கும் நாற்காலிக்குமாக நடப்பார். சூதாட்டத்தை விட்டு நாற்பத்தோரு நாள்.

சூதுப் பழக்கத்துக்கு வைத்தியம் பார்க்கப் போன ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லித்தான் விலக்குப் பட்டியலில் கையெழுத்துப் போட்டார். புதுச் சட்டம் அது. நாமே எழுதிக் கொடுத்துவிட்டால் எந்தச் சூதாட்ட விடுதியும் மூன்று வருடத்துக்கு நம்மை உள்ளே விடக் கூடாது. விட்டால் விடுதிக்கு அபராதம். அவர் படம் எல்லா வாசலுக்கும் போய்விட்டது. இன்னொரு தடவை உள்ளே போய் உட்கார்ந்தால் மகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிடுவதாக மனைவி சொல்லியிருந்தாள். வெறுமனே மிரட்டுகிறவள் இல்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் கடையில் ஈ காக்கை இல்லை. சும்மா இருக்க முடியாமல் கண்ணாடி முன் நின்று தன் மீசையையே வழித்தார். பிறகு கால் தானாக விடுதிப் பக்கம் போனது. காவலாளி விரட்டுவான், திரும்பிவிடலாம் என்று மனசு சமாதானம் சொன்னது.

காவலாளி மேசையிலிருந்த படங்களைப் பார்த்தான், இவரைப் பார்த்தான், கதவைத் திறந்துவிட்டான். "வாங்க சார், உள்ள ஏசி ஓடுது."

இருபது வருடமாக ஊரார் முகத்தை மாற்றியே பிழைத்தவருக்கு, மீசை போனதில் தன் முகமும் மாறியிருக்கும் என்று உறைக்கவில்லை. உள்ளே இயந்திரங்கள் மின்னின. ஓரத்தில் ஒரு இருக்கை காலி. அதை நோக்கி இரண்டு எட்டு வைத்தவர் விறுவிறுவென்று திரும்பி வந்தார்.

"மூணாவது படம் நான்தான் தம்பி. வெளிய தள்ளு."

"மீசை எங்க சார்?"

"கடைக் குப்பையில."

"நீங்களா வந்து நீங்களா போறதுக்கு நான் எதுக்கு சார்?"

நேராக நர்ஸிடம் போனார். அந்த அம்மா பாராட்டவுமில்லை, திட்டவுமில்லை. முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று புதுப்படம் எடுத்தாள். படத்தை மட்டும் நம்பினால் இப்படித்தான், வாசலில் அடையாள அட்டையும் கேட்க வேண்டும் என்று மேலிடத்துக்கு அப்போதே எழுதினாள். வீட்டில் மறைக்காமல் சொல்லச் சொன்னாள்.

சொன்னார். மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"உட்கார்ந்தீங்களா?"

"இல்ல. நின்னேன்."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். மத்தியானத்தில் இனி கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்றாள். தலையாட்டினார்.

"இன்னைக்கு இருக்கேன்," என்றாள். "நாளைக்கு நீங்க வர்றதைப் பாத்துட்டுச் சொல்றேன்."